முதல் பெரிய வண்டி: குமரி மாவட்டச் சாலைகளில் நடுத்தர நேக்கட் பைக் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

100 சி.சி., 150 சி.சி. வண்டிகளில் பழகிவிட்டு, நடுத்தர நேக்கட் பைக் ஒன்றை முதன்முறையாக வாங்க நினைக்கும் குமரி மாவட்டத்தினர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்படுகின்றன. வண்டிகளைப் பற்றிய எண்கள் எல்லா ஊருக்கும் பொதுவானவை. அவை நம் சாலைகளில் என்ன பயன் தரும் என்பதே இங்கு அதிகமாகப் பேசப்படுகிறது.

நேக்கட் பைக் என்பது எது? நடுத்தரம் என்பது எந்த அளவு?

இன்ஜினையும் ரேடியேட்டரையும் மூடி மறைக்கும் பிளாஸ்டிக் உறை இல்லாமல், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்படி அகலமான ஹேண்டில்பாருடன் வரும் வண்டியே நேக்கட் பைக். வெளிநாடுகளில் நடுத்தரம் என்றால் பெரும்பாலும் 600 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளைக் குறிக்கும். நம் நாட்டில் 350 சி.சி.யிலேயே பெரிய வண்டி என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. ஆகவே 350 முதல் 660 சி.சி. வரை உள்ளவற்றை இங்கே நடுத்தரம் என்று கொள்கிறோம்.

சிறிய வண்டி ஓட்டிப் பழகியவர் நேராக இதற்கு மாறலாமா?

மாறலாம், ஆனால் என்ன மாறுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு ஓடும் 100 சி.சி. வண்டி ஒன்றின் திறன் சுமார் 8 குதிரைத்திறன். எடை 110 கிலோவை ஒட்டியிருக்கும். 400 சி.சி. நேக்கட் பைக்கில் திறன் 40 குதிரைத்திறனாகவும் எடை 175 கிலோவாகவும் ஆகிறது. எடை ஒன்றரை மடங்கு கூடும்போது திறன் ஐந்து மடங்கு கூடுகிறது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

சிறிய வண்டியில் பேருந்து ஒன்றை முந்த வேண்டுமானால் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திருகிவிட்டுக் காத்திருப்போம். வில்லுக்குறியிலோ தக்கலையிலோ அதே பழக்கத்தில் பெரிய வண்டியின் ஆக்ஸிலரேட்டரைத் திருகினால், பேருந்தைக் கடந்து முடிக்கும் நேரத்தில் வண்டி அடுத்த வளைவுக்குள் நுழைந்திருக்கும். எதிரே என்ன வருகிறது என்று பார்க்கக் கிடைக்கும் நேரமும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வண்டியின் உச்ச வேகத்தால் அல்ல.

ஐரோப்பிய நாடுகளில் புதிய ஓட்டுநர்களுக்கு ஏ2 என்ற இடைநிலை உரிமம் உண்டு. அதை வைத்திருப்பவர் 35 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 47 குதிரைத்திறன் வரையுள்ள வண்டியை மட்டுமே ஓட்டலாம். நம் நாட்டில் அப்படிப்பட்ட படிநிலை ஏதும் இல்லை. சட்டம் கேட்காவிட்டாலும் முதல் பெரிய வண்டிக்கு அந்த 47 என்ற வரம்பைத் தாமாகவே வைத்துக்கொள்வது நல்ல அளவுகோல் என்பது எங்கள் கருத்து.

அப்படியானால் எந்த வண்டி?

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது குதிரைத்திறன். நம் சாலையில் அதைவிட முக்கியமானது டார்க் எனப்படும் முறுக்குவிசையும், அது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது கிடைக்கிறது என்பதும்தான். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரையிலான சாலையில் மூன்றாவது கியரிலும் நான்காவது கியரிலுமாகத்தான் பெரும்பாலான நேரம் கழிகிறது. குறைந்த சுற்றிலேயே இழுக்கும் வண்டியில் கியரை அடிக்கடி மாற்றவும் வேண்டாம், கிளட்சைப் பிடித்துப் பிடித்துக் கை நோகவும் வேண்டாம்.

ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350 தருவது 27 நியூட்டன் மீட்டர் மட்டுமே. ஆனால் அது 4,000 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. 20 குதிரைத்திறன் என்பதால் யாரையும் மிரட்டாது. நாற்கர நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகும்போது மட்டும் சற்றுத் திணறும். அதே நிறுவனத்தின் கெரில்லா 450 வண்டியில் 5,500 சுற்றில் 40 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. 398 சி.சி. டிரையம்ஃப் ஸ்பீட் 400 வண்டியில் 6,500 சுற்றில் 37.5 நியூட்டன் மீட்டர். இவ்விரண்டும் 40 குதிரைத்திறன் கொண்டவை; புதியவருக்கும் பொருந்தும், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தும் சலிக்காது. ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இந்த வகையையே சொல்வோம்.

கே.டி.எம். 390 டியூக் 46 குதிரைத்திறன் கொண்டது. எடையும் 168 கிலோதான். பிரேக்கும் சஸ்பென்ஷனும் மிக நன்றாக இருக்கும். ஆனால் குறைந்த சுற்றில் உதறும் குணமுள்ள இந்த இன்ஜின், சுற்று ஏறியதும் சட்டென்று பாயும். ஏற்கெனவே 200 சி.சி. வண்டி ஏதாவது ஓட்டியவருக்கு இது சரியாக இருக்கும். ஸ்கூட்டரிலிருந்து வருபவருக்குச் சற்று அதிகம்.

இரட்டை சிலிண்டர் வேண்டும் என்பவர்கள் முதலில் இன்டர்செப்டர் 650 வண்டியைப் பார்க்கிறார்கள். 2018 முதல் இந்தியாவில் விற்கப்படும் இந்த வண்டியின் திறன் 47 குதிரைத்திறன். ஏ2 வரம்புக்குள்தான் வருகிறது. அதன் இன்ஜினைப் போல மென்மையாக இழுக்கும் இன்ஜின் இந்த விலையில் வேறு இல்லை. குறை எடையில் இருக்கிறது. 200 கிலோவுக்கு மேல். கவாசாகி இசட்650 (68 குதிரைத்திறன்), டிரையம்ஃப் டிரைடென்ட் 660 (80 குதிரைத்திறனுக்கு மேல், மூன்று சிலிண்டர்) ஆகிய இரண்டும் புதியவர்களுக்கும் ஏற்றவை என்றே வெளிநாடுகளில் பரிந்துரைக்கப்படுகின்றன. அந்த ஊர்களின் அகலமான சாலைகளையும் அங்குள்ள பயிற்சி முறையையும் வைத்துச் சொல்லப்பட்ட பரிந்துரை அது. கருங்கல் சந்தைக்கும் குலசேகரத்துக்கும் தினமும் போய்வர அவற்றை வாங்குவது வீண் செலவு.

உயரம் குறைந்தவர்கள் ஓட்ட முடியுமா? எடையைச் சமாளிப்பது எப்படி?

சீட்டின் உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கெரில்லா 450 வண்டியின் சீட் உயரம் 780 மில்லிமீட்டர், ஹண்டர், இசட்650 இரண்டும் 790, டியூக் அவற்றைவிடச் சற்று உயரம். ஆனால் சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடை விரிந்து, உயரம் குறைவான சீட்டிலும் கால் எட்டாமல் போகும். ஷோரூமில் மெயின் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்ப்பதில் பயனில்லை. வண்டியைத் தரையில் நிறுத்தி, வழக்கமாக அணியும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு காலின் பாதம் முழுவதும், மறு காலின் முன்பாதமும் தரையில் பதிந்தால் போதும். ஐந்தடி மூன்று அங்குல உயரமுள்ள பெண்களும் இந்த வண்டிகளில் பலவற்றை எளிதாகக் கையாளுகிறார்கள்.

ஓடும்போது எடை தெரியாது, நிறுத்தும்போதுதான் தெரியும். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மேடும் பள்ளமுமான விளைகளில் (தோட்ட நிலங்களில்) கட்டப்பட்ட வீடுகளே அதிகம். சாலையிலிருந்து முற்றம் சரிந்து இறங்கும், அதில் மெட்டல் எனப்படும் ஜல்லியோ செம்மண்ணோ பரப்பியிருக்கும். அந்தச் சரிவில் முன்சக்கரம் சுவரைப் பார்க்கும்படி 180 கிலோ வண்டியை விட்டுவிட்டால், மறுநாள் காலையில் அதைப் பின்னோக்கி ஏற்ற ஒருவரால் முடியாது. காலை ஊன்றித் தள்ளினால் மெட்டலில் கால் வழுக்கும், வண்டி சாயும். எனவே முதல் நாளிலிருந்தே முற்றத்தில் வண்டியைத் திருப்பி, முன்சக்கரம் சாலையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். முதல் கியரில் போட்டுவிட்டு, சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டையான கல்லோ பலகைத் துண்டோ வைத்தால் மழையில் மண் இளகினாலும் ஸ்டாண்ட் புதையாது. வாங்குவதற்கு முன் முற்றத்தின் சரிவை ஒருமுறை பார்த்துக்கொள்வது, இணையத்தில் பத்து விமர்சனங்களைப் பார்ப்பதைவிட உதவும்.

இதற்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம். 18 வயது நிறைந்து, கியருள்ள மோட்டார் சைக்கிளுக்கான உரிமம் இருந்தால் எந்த சி.சி. வண்டியையும் ஓட்டலாம். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் உரிமம் எடுத்தவர்கள் கியர் வண்டிக்குத் தனியாக ஓட்டுநர் தேர்வு முடித்துச் சேர்க்க வேண்டும்.

350 சி.சி.க்கும் 400 சி.சி.க்கும் செலவில் எவ்வளவு வேறுபாடு?

வண்டியின் விலையைவிட, 350 என்ற அந்தக் கோடுதான் செலவைத் தீர்மானிக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள இருசக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். முன்பு செஸ்ஸையும் சேர்த்து முறையே 28, 31 சதவீதமாக இருந்தது. அதாவது இடைவெளி 3 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகிவிட்டது.

காப்பீட்டிலும் இதே கோடு உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 150 முதல் 350 சி.சி. வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய். 350-ஐத் தாண்டினால் 2,804 ரூபாய். புதிய வண்டிக்கு ஐந்தாண்டுக் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பதால் 7,365 ரூபாய்க்குப் பதில் 15,117 ரூபாய் ஆகிறது, ஜி.எஸ்.டி. தனி. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள வண்டிக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 12 சதவீதம். ஷோரூம் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராமல், ஆன்ரோடு விலையை இனம் பிரித்து எழுதித் தரச் சொல்லி வாங்கி வாருங்கள்.

மைலேஜைப் பொறுத்தவரை, நிதானமாக ஓட்டினால் 400 சி.சி. வண்டிகள் லிட்டருக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் வரை தரும், 650 சி.சி. வண்டிகளில் 20 முதல் 25.

நெரிசலில் சூடு தாங்குமா?

தாங்கலாம், ஆனால் தெரியும். லிக்விட் கூலிங் (இன்ஜினைத் திரவத்தால் குளிர்விக்கும் முறை) உள்ள வண்டியில் ரேடியேட்டரின் ஃபேன் சுழலத் தொடங்கியதும் வெப்பக் காற்று நேராக முழங்காலில் வந்து அடிக்கும்; நேக்கட் பைக்கில் அதைத் திசைதிருப்ப உறை கிடையாது. மாசி மாதத்தில் மண்டைக்காடு கொடை நாட்களிலும், கார்த்திகை தொடங்கி ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரியில் குவியும் காலத்திலும் இதை நன்றாக உணரலாம். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க நேர்ந்தால் இன்ஜினை அணைத்துவிடுவது நல்லது. நியூட்ரலில் போடாமல் கிளட்சைப் பிடித்துக்கொண்டே நிற்பது கைக்கும் கிளட்சுக்கும் கேடு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேட்டியோ சாரம் எனப்படும் கைலியோ உடுத்திக்கொண்டு கடைக்குப் போய்வருவது இங்கே வழக்கம்தான். ஆனால் இந்த வண்டிகளில் செயின் கார்டு பெயருக்குத்தான் இருக்கும். சைலன்சர் குழாயும் கெண்டைக்காலுக்கு அருகிலேயே ஓடும். அந்த வேலைக்கு வீட்டில் உள்ள ஸ்கூட்டரே போதும்.

மழைக்காலத்தில் எப்படி ஓட்ட வேண்டும்?

தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களைப் போல் இல்லாமல் நமக்கு இரண்டு மழைக்காலமும் நன்றாகவே பெய்யும். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. ஆகவே ஈரச் சாலையில் ஓட்டத் தெரிவது இங்கே அன்றாடத் தேவை.

மழை தொடங்கிய முதல் கால் மணி நேரம்தான் மிக மோசமானது. சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் நீரோடு குழைந்து வழுக்கும். நன்றாகப் பெய்து கழுவிய பிறகு பிடிப்பு ஓரளவு திரும்பும். அந்தக் கால் மணி நேரத்தை ஒரு டீக்கடையில் கழிப்பதில் தவறில்லை. பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோடுகள், மேம்பாலங்களில் குறுக்கே ஓடும் இரும்பு இணைப்புப் பட்டைகள் ஆகியவற்றின் மீது வண்டியைச் சாய்க்கவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. நேராக, சீரான வேகத்தில் கடக்க வேண்டும்.

குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டங்களின் நிழலில் ஓடும் சாலைகளில் வெயில் விழாத ஓரங்களில் பாசி பிடித்திருக்கும். எதிரே பேருந்து வரும்போது ஒதுங்குவதற்காக நாம் போகும் இடமும் அந்த ஓரம்தான். பேருந்தின் சத்தம் கேட்டவுடனே, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டால் ஓரத்துக்கு இறங்கியபின் பிரேக்கைத் தொட வேண்டியிருக்காது. மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும்போது, வளைவில் குவிந்திருக்கும் இலைகள் காய்ந்திருந்தாலும் டயருக்கு அடியில் நகரும். கல்லும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் டாரஸ் லாரிகள் திரும்பும் முக்குகளில் சிந்திய ஜல்லி கிடக்கும், அங்கே பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கூட அதிகம் உதவாது.

பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டியில் ஈரத்தில் கியரைச் சடசடவென்று குறைத்தால் பின்சக்கரம் ஒரு கணம் இழுபட்டு வழுக்கும். இப்படி இழுபடும்போது தானே சற்று நழுவிக்கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தால் இது குறையும். அது இருந்தாலும் ஒவ்வொரு கியராகக் குறைப்பதே சரி.

ஆரல்வாய்மொழிக் காற்றில் வண்டி நிற்குமா?

முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே மலைகளுக்கு இடையிலான ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று. வைகாசி தொடங்கி புரட்டாசி வரை அது பலமாக வீசும். நேக்கட் பைக்கில் பக்கவாட்டில் பெரிய உறை இல்லாததால், முழு உறை போட்ட வண்டியைவிடக் குறுக்குக் காற்றில் இது குறைவாகவே தள்ளப்படும். எதிர்க்காற்று மட்டும் நேராக நெஞ்சில் அறையும்.

பயத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பதுதான் வண்டியை அலைக்கழிக்கிறது. உடல் ஆடும் ஆட்டமெல்லாம் கை வழியாக முன்சக்கரத்துக்குப் போய்ச் சேரும். முழங்கால்களால் டேங்கை அணைத்துப் பிடித்து, கையைத் தளர்த்தி, உடலைச் சற்று முன்னே தாழ்த்திக்கொண்டால் வண்டி தானாகவே நேராகும். அதிக கவனம் வேண்டியது லாரியை முந்தும்போது. லாரியின் மறைவில் இருக்கும் வரை காற்றே தெரியாது. அதன் முகப்பைத் தாண்டிய அந்த நொடியில் மொத்தக் காற்றும் பக்கவாட்டில் வந்து மோதும். முந்தும்போதே லாரிக்கும் நமக்கும் நடுவில் வழக்கத்தைவிடக் கூடுதல் இடம் விட வேண்டும். பலத்த காற்று நாளில் முந்தாமலே போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

ஏ.பி.எஸ்., ரைடிங் மோட் இவையெல்லாம் தேவையா?

125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம், ஆகவே அது எப்படியும் வரும். இரு சக்கரங்களுக்கும் சேர்த்து இரட்டைச் சேனலாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நேராகப் போகும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காக்கும். வளைவில் சாய்ந்த நிலையில் அழுத்திப் பிடித்தால் சாதாரண ஏ.பி.எஸ்.ஸை நம்ப முடியாது. மழைக்கான மோட் இருந்தால் முதல் சில வாரங்களுக்கு வெயிலிலும் அதிலேயே ஓட்டலாம். ஆக்ஸிலரேட்டரின் முரட்டுத்தனம் குறைந்திருக்கும். தொடுதிரை அளவுக்குப் பெரிய மீட்டருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது அவரவர் விருப்பம்.

பின்னால் ஆளை ஏற்றிச் செல்ல வசதியாக இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. பின்சீட் சிறியது, உயரமானது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி பல வண்டிகளில் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டியது. சேலை உடுத்தி ஒருபக்கமாக உட்கார்பவர்களுக்கு இந்த வடிவமே பொருந்தாது. கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் துணி சிக்காமல் காக்கும் மறைப்பு ஆகியவை வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. டெலிவரி எடுக்கும்போது அவை பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டாரோடு கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போவதுதான் முக்கியப் பயன்பாடு என்றால், நீளமான ஒரே சீட் உள்ள ஹண்டரும் இன்டர்செப்டரும் மற்றவற்றைவிட மேல்.

கடற்கரை ஊர்களில் வண்டி துருப்பிடிக்காமல் காப்பது எப்படி?

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், மணக்குடி போன்ற ஊர்களில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். நேக்கட் பைக்கில் எல்லாம் வெளியே தெரிவதால் உப்புக் காற்றுக்கும் எல்லாம் தெரியும். முதலில் போவது செயின். அடுத்து போல்ட் தலைகள், சைலன்சர் இணைப்புகள், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள்.

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஓட்டிக் காயவிட வேண்டும். பிரஷர் வாஷ் செய்யும் இடத்தில் ரேடியேட்டரிலும் சக்கரத்தின் பேரிங்கிலும் நேராக அடிக்க விடக் கூடாது. தகடுகள் மடங்கும், கிரீஸ் வெளியேறும். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயின் லூப் (செயினுக்கான மசகு) அடிக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கடற்கரையிலும் மழையிலும் அதைப் பாதியாக்கிக்கொள்வது நல்லது. வண்டி ஓடி நின்று செயின் இளஞ்சூடாக இருக்கும்போது உட்புறமாக அடித்து, சற்று நேரம் விட்டு மிச்சத்தைத் துடைக்க வேண்டும். பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது மணலைத்தான் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரால் மூடுவது ஈரத்தை உள்ளே அடைத்துவிடும், துணிக் கவரே போதும்.

திருவனந்தபுரத்தில் வாங்கி இங்கே ஓட்டலாமா?

களியக்காவிளைக்கு அப்பால் பெரிய ஷோரூம்கள் இருப்பதால் இந்தக் கேள்வி இயல்பானது. புதிய வண்டி என்றால் தற்காலிகப் பதிவில் கொண்டுவந்து, முகவரியைப் பொறுத்து நாகர்கோவிலிலோ (டி.என். 74) மார்த்தாண்டத்திலோ (டி.என். 75) பதிவு செய்து, ஆயுள் வரியை இங்கேயே கட்ட வேண்டும். கேரளப் பதிவுள்ள பழைய வண்டி என்றால் அங்குள்ள அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வாங்கி வர வேண்டும். வேறு மாநிலப் பதிவோடு 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் மறுபதிவு கட்டாயம். வரியை இங்கே புதிதாகக் கட்ட நேரும் என்பதால் விலை குறைவாகத் தெரிந்த வண்டி கடைசியில் குறைவாக இராது. சர்வீசையும் கணக்கில் எடுங்கள். ஸ்பீட் 400 போன்ற வண்டிக்கு முதல் சர்வீசுக்குப் பிறகு 16,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு இடைவெளி என்பதால் தொலைவு பெரிய பாரமில்லை. ஆனால் ஒரு லிவரோ இண்டிகேட்டரோ உடைந்தால் அதற்காக எல்லை தாண்டிப் போய்வர வேண்டியிருக்கும்.

பழைய வண்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கீழே விழுந்த வண்டியை நேக்கட் பைக்கில் எளிதாகக் கண்டுபிடிக்கலாம், ஏனெனில் மறைக்க உறை இல்லை. ஹேண்டில்பாரின் முனைகள், கிளட்ச் மற்றும் பிரேக் லிவரின் நுனிகள், கால்மிதியின் ஓரம், இன்ஜின் மூடியின் பக்கவாட்டு ஆகியவற்றில் கீறல் ஒரே பக்கமாக இருந்தால் விழுந்திருக்கிறது. நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்ததென்றால் கவலையில்லை. ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் மோதி நிற்கும் இரும்பு முட்டு நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நசுங்கியிருந்தால் மோதல் பெரிது, அந்த வண்டியை விட்டுவிடலாம். செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒருபக்கமாக வளைந்து கூர்மையாகியிருந்தால் செயின் செட்டின் விலையைக் கழித்துக் கேட்க வேண்டும். கடற்கரையில் நின்ற வண்டியா என்பதைச் சீட்டைக் கழற்றி அதற்கடியில் உள்ள போல்ட்டுகளே சொல்லிவிடும். வெளியே பாலிஷ் போட்டவர் பெரும்பாலும் உள்ளே போட்டிருக்க மாட்டார். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருந்தால், அது நீக்கப்பட்ட பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.